ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்

விடுதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது என்பதால் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் கேட்பது போல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இந்தத் தொழிலுக்கு வேண்டிய திறமைதான்.

அறை ஒதுக்குவது, பில் போடுவது, வெளிநாட்டுக்காரர் வந்தால் படிவம் ஏற்றுவது எல்லாம் கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும். நான் சொல்லப்போவது முப்பத்தைந்து வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்ற பிறகும், ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, ஒரே வாரத்தில் மூன்று தடவை நான் சொதப்பிய கதை. உலகத்தில் பெரிய நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டால் நமக்கென்ன, நாம் மலைமேல் கேரட் சூப் விற்கிறவர்கள்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் விடுதி ஏரிக்கு மேலே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அறைக்கு அறை விறகு எரிக்கிற கணப்பு உண்டு. ஹீட்டர் வாங்கித் தரச் சொன்னால் முதலாளி கணப்பைக் காட்டி, "இது பாரம்பரியம்ங்க" என்பார். அந்த வருடம் மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் எங்கள் விடுதியை நான்கு நாளைக்கு மொத்தமாக எடுத்தார். பாசியை ஆராய்கிறவர்களின் சர்வதேசக் கூட்டம். ஆமாம், பாசிதான். கிணற்றடியில் நாம் வழுக்கி விழுவோமே, அதே பாசி. அதைப் பற்றிப் பேச உலகம் முழுவதிலிருந்தும் இருபது பேர் வந்தார்கள். பழனி மலையில் இருக்கிற அளவுக்கு வகைவகையான பாசி வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காதாம். இத்தனை வருடம் நான் ஆள் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்த மதில் சுவரைப் பார்த்து ஒருவர் கண்கலங்கினார்.

பேராசிரியர் முன்கூட்டியே எனக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"கொடி எதுவும் வைக்காதீங்க சார். ரஷ்யாவுல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க, ஜெர்மனி, போலந்துல இருந்தெல்லாம் வர்றாங்க. இப்ப இருக்குற நெலமையில இவங்கள ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வர்றதுக்கே நான் ரெண்டு வருசம் தவம் கெடந்திருக்கேன்."

சரி என்றேன். சரி என்று சொன்னதை முதலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் திண்டுக்கல்லில் அச்சடித்து, குச்சியில் ஒட்டிய காகிதக் கொடிகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டு வந்து, ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் தன் கையாலேயே அழகாக நட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு. சூப் பரிமாறியாகிவிட்டது. போலந்துக்காரர் தன் மேசையில் அமெரிக்கக் கொடிக்குப் பக்கத்தில் ரஷ்யக் கொடி இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து ஜெர்மன் அம்மாள் எழுந்தார். அவர்கள் எழுந்ததைப் பார்த்து ரஷ்யக் குழுவில் இளையவர் எழுந்தார். ஏன் எழுகிறோம் என்று தெரியாமல் ஜப்பான்காரர் மரியாதைக்காக எழுந்தார். சற்று நேரத்தில் ஹால் முழுக்க எல்லோரும் நிற்கிறார்கள், சூப் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு பெரிய தட்டை எடுத்துக்கொண்டு, பரிமாறுவதற்குப் பதிலாக வாங்கிக்கொண்டு போவது போல், மேசை மேசையாகக் கொடிகளைப் பிடுங்கினேன். அந்த இடங்களில் கண்ணாடி டம்ளரில் டேலியா பூ வைத்தோம். பூவுக்கு எந்த நாட்டுடனும் சண்டை இல்லை என்பதால் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

பிடுங்கிய கொடிகளை வாங்கிக்கொண்டது குழந்தைவேலு அண்ணன். எங்கள் விடுதியில் கணப்புகளுக்கு விறகு போடுகிறவர். மேல்மலையில் பூண்டுக் காடு உள்ளவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். காகிதம் என்று எது கிடைத்தாலும் அவருக்கு அது தீ மூட்ட ஆகிற பொருள்தான்.

"நம்ம கொடிய மட்டும் எடுத்து வெச்சுக்கோங்க சார். மத்தது எனக்கு ஆகும்" என்றார். நம் கொடியை என் மேசை டிராயரில் வைத்தேன்.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொடி மரியாதை பற்றியல்ல. ஒருவர் உங்களிடம் சொன்ன விஷயத்தை உங்களோடு வைத்துக்கொண்டால் அது பாதிதான் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். இதை அன்றே நான் கற்றுக்கொண்டிருந்தால் மூன்றாவது சொதப்பல் நடந்திருக்காது.

நம் தொழிலில் விருந்தினருக்குப் பெயர் கிடையாது, அறை எண்தான். ஏழாம் எண் ரஷ்யப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. பன்னிரண்டாம் எண் ஜெர்மன் அம்மாள், அறுபது இருக்கும். எட்டாம் எண் ரஷ்யக் குழுவின் இளையவர். கழுத்து அட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. பாசிக்காரர்கள் பத்தடிக்கு ஒரு தடவை குனிவார்கள், மண்டியிடுவார்கள், சில பேர் படுத்தே விடுவார்கள். எட்டு மட்டும் குனியவே இல்லை. பெரியவர் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் நேராக நிற்பார்.

"அந்தாளு பாசிக்கு வந்தவரில்ல சார்" என்றார் குழந்தைவேலு அண்ணன். "இடுப்பு வளையவே மாட்டேங்குது."

ஏழும் பன்னிரண்டும் சைபீரியாவில் ஒரு சதுப்பு நிலத்தில் பத்தொன்பது கோடைகள் ஒன்றாக வேலை செய்தவர்கள் என்று பேராசிரியர் சொன்னார். ஒரே இடத்துப் பாசி வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வளர்கிறது என்று அந்த அம்மாள் பென்சிலால் எழுதி வைத்த நோட்டுகள் மூன்று. அடுத்த வருடமும் வரப்போகிறோமே என்று அங்கேயே ஒரு அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அதற்குள் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. அம்மாளுடைய நிறுவனம், ரஷ்ய நிறுவனத்தாரிடம் பேசாதே, எழுதாதே, ஒரு பென்சில்கூட வாங்காதே என்று கடிதம் கொடுத்துவிட்டது. பெரியவருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து அதே மாதிரி ஒரு கடிதம், கூடவே எட்டாம் எண்ணும். அம்மாளின் வாழ்நாள் வேலை அந்த அலமாரியில் மாட்டிக்கொண்டது. நோட்டு இல்லாமல் அவரால் தன் புத்தகத்தை முடிக்க முடியவில்லை. அடுத்த வருடம் அவருக்கும் ஓய்வு.

மறுநாள் காலை டிபனுக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான்.

"மேனேஜர், உப்பு டப்பா அந்த மேசையில் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார் பன்னிரண்டு, என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில்.

"மேனேஜர், இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார் ஏழு, என்னைப் பார்த்து, அதே ஆங்கிலத்தில்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பழனி அடிவாரத்தில் எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பஞ்சாமிர்தக் கடை நடத்தினார்கள். பதினொரு வருடம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் கடை நடக்க வேண்டுமே. அப்பா தராசைப் பார்த்து, "ஏ தராசு, மலைப்பழம் வந்துருச்சான்னு கேளு" என்பார். சித்தப்பா அதே தராசைப் பார்த்து, "வெள்ளனேயே எறக்கியாச்சுன்னு சொல்லு" என்பார். காவடியோடு வந்த பக்தர்கள் அந்தத் தராசில் ஏதோ சக்தி இருக்கிறது என்று தொட்டுக் கும்பிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு ஒரு முறை உண்டு. தராசுக்குச் சொன்னது காதில் விழுந்தாலும் விழாதது போல் இருக்க வேண்டும். நடுவில் இருப்பவர் மறுபடி சொன்ன பிறகுதான் பதில். அந்த முறை சைபீரியாவிலும் பெர்லினிலும் எங்கள் கடையில் போலவே இருந்தது.

ஆக அந்தத் தராசு மாதிரி, இருவரும் பார்த்துப் பேசுகிற சுவராக நான் ஆனேன். அன்றைக்கே சுவராக இருக்கத் தெரியாமல் பூச்சு வேலை செய்துவிட்டேன். அது இரண்டாவது சொதப்பல்.

மதியம் பெரியவர் தன் கட்டுரையை வாசித்துவிட்டு டீக்கு வந்தார். பன்னிரண்டு என்னிடம், "அவருடைய மூன்றாவது அட்டவணை தப்பு என்று சொல்லுங்கள்" என்றார். வயதான மனிதர், முகம் வாடிவிடுமே என்று நான், "அம்மாவுக்கு உங்கள் கட்டுரை ரொம்பப் பிடித்ததாம், குறிப்பாக மூன்றாவது அட்டவணை" என்றேன். அம்மாள் ஐந்தடி தள்ளித்தான் நிற்கிறார், அவருக்கும் கேட்கிறது, ஆனால் முறைப்படி கேட்காதது போல் நிற்க வேண்டியிருக்கிறது. பெரியவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"அவர் இருபது வருடத்தில் என்னை ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேளுங்கள்" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன். மூன்றாவது அட்டவணை தப்பாம். அவருக்கு உயிர் வந்தது. காதுவரை சிரித்துக்கொண்டு பேனாவை எடுத்து அங்கேயே அட்டவணையைத் திருத்தினார். நடுவில் நிற்கிறவன் இனிப்புச் சேர்க்கக் கூடாது என்பதை இப்படி அறுபதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம். எட்டாம் எண் சிக்னல் கிடைக்காமல் வெளியே யூகலிப்டஸ் மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பன்னிரண்டு சோபாவில் செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறார். பெரியவர் கவுண்டருக்கு வந்தார்.

"மேனேஜர், விருந்தினர் மறந்துவிட்டுப் போகிற பொருளை உங்கள் விடுதியில் என்ன செய்வீர்கள்?"

"ரிஜிஸ்டரில் எழுதுவோம். பெயர் இருந்தால் பெயருக்கு உரியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம்."

"பெயர் உள்ளே இருந்தால்?"

"திறந்து பார்ப்போம்."

"முதல் பக்கத்திலேயே இருக்கிறது."

செய்தித்தாள் ஆடியது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மேனேஜர், பச்சை அட்டையா என்று கேளுங்கள்."

"பச்சை, மூன்று என்று சொல்லுங்கள்" என்றார் பெரியவர். நான் சொன்னேன். செய்தித்தாள் இறங்கவே இல்லை.

"நான் மறதிக்காரன்" என்றார் பெரியவர். "இங்கிருந்து கிளம்பும்போது, மரத்தடியில் நிற்கிறாரே, அவர் என் பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதற்கு முன்னால், நாளைச் சாயங்காலம், என் அறை விறகுக் கூடையில் எதையாவது மறந்து போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்."

அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக்காரர்கள், ஒரு அரசாங்கத்தின் ஆள் பக்கத்து அறையிலேயே இருக்கிறார், ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் என்னைத்தான் கூப்பிடும். முதலாளி பாரம்பரியம் பற்றிப் பேச மாட்டார், என்னை வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேசுவார். ஒளித்துக் கொடுத்து வாங்குகிற சோலி நமக்கு எதற்கு என்று ஒரு மனசு. யார் எழுதியதோ அது அவருக்குத்தானே சேர வேண்டும் என்று இன்னொரு மனசு. கடைசியில் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். குடை, கண்ணாடி, ஒரு தடவை பல் செட். எல்லாமே பெயருக்கு உரியவரிடம் போயிருக்கிறது. எந்த நாட்டுக்காரர் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. சரி, செய்வோம் என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்ததை விறகுக் கூடையைத் தூக்குகிற மனிதரிடம் சொல்லவில்லை. அவருக்கு எதற்கு, நாலு இடத்தில் பேசிவிடுவார் என்று நினைத்தேன். கூடை வழக்கம் போல் நிரப்புவதற்காகக் கீழே விறகுக் கொட்டகைக்கு வரும், நானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு நான் கொட்டகைக்குப் போனபோது மூடுபனி உள்ளேயே வந்து நின்றது. கூடைகள் வரிசையாக இருந்தன. ஏழாம் எண் கூடை இல்லை.

"அண்ணே, ஏழு நம்பர் கூடை எங்க?"

"எட்டுக்குப் போட்டுட்டேன் சார். குளிருது குளிருதுன்னு ஒத்தக் கால்ல நிக்காரு."

ரஷ்யாக்காரருக்குக் குளிரா என்று சிரிக்காதீர்கள். அவர்கள் ஊரில் வெளியேதான் பனியாம், வீட்டுக்குள் சட்டையோடு இருப்பார்களாம். நம் ஊரில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். அவர் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் எங்கள் கம்பளியையும் போர்த்திக்கொண்டு கணப்புக்கு முன்னாலேயே குடியிருந்தார்.

"கூடையில அடியில ஏதாச்சும் கெடந்துச்சாண்ணே?"

"ஒரு துணிப் பொட்டலம் கெடந்துச்சு சார். பிரிச்சுப் பாத்தேன், பழைய நோட்டு. தீ மூட்ட ஆகுமேன்னு அப்பிடியே வெச்சு மேல வெறக அடுக்கிட்டேன்."

"மூட்டிட்டீங்களா?"

"மூட்டியாச்சு. ஆனா நோட்ட எடுக்கல. உள்ள காஞ்ச பாசி ஒட்டிக் கெடந்துச்சு, பொகையும். கையில கொடி இருந்துச்சு, அத வெச்சு மூட்டிட்டேன்."

பத்தொன்பது வருட வேலையைத் திண்டுக்கல் அச்சகத்துக் கொடிகள் காப்பாற்றியிருந்தன. ஆனால் கூடை இன்னும் எட்டாம் அறையில், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில். அவர் தானே எடுத்து எடுத்து விறகு போடுகிறார்.

"எவ்வளவு நேரத்துல அடி தெரியும்ணே?"

அவர் யோசித்தார். "அவரு போடுற வேகத்துக்கு ஏழு மணிக்குள்ள தெரிஞ்சிரும்."

அப்போதுதான் முழு விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இத நேத்தே சொல்லியிருந்தா நான் கூடையக் கட்டில்ல வெச்சுத் தாலாட்டியிருப்பேன்ல" என்றார்.

நான் எட்டாம் அறைக் கதவைத் தட்டினேன். ஐயா, இந்த விறகு ஈரம், மாற்றித் தருகிறேன் என்றேன். அருமையான விறகு, இந்தியாவிலேயே எனக்குப் பிடித்தது இந்த விறகுதான் என்றார். கூடையில் பூச்சி இருக்கும் என்றேன். நான் ராணுவத்தில் இருந்தவன், பூச்சிக்குப் பயமில்லை என்றார். டைனிங் ஹாலில் சூடான பூண்டு சூப் தயாராக இருக்கிறது என்றேன். இங்கேயே அனுப்பச் சொன்னார். கூடையில் பாதி காலி. நான் தோற்றுப் போய்க் கவுண்டருக்கு வந்து நின்றேன்.

கால் மணி நேரத்தில் எட்டு புயல் மாதிரி வந்தார். கையில் ஒரு கருகிய குச்சி. அதில் விரல் அளவுக்குத் துண்டுக் காகிதம், வெள்ளை, நீலம், சிவப்பு. கணப்பைக் கிளறும்போது அகப்பட்டிருக்கிறது.

"இது என் நாட்டின் கொடி. உங்கள் விடுதியில் இதை எரித்திருக்கிறீர்கள்!"

அவர் தோளுக்குப் பின்னால் வராந்தாவில் குழந்தைவேலு அண்ணன் ஒரு நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு, எங்கேயும் பார்க்காமல், எட்டாம் அறைப் பக்கம் போவதைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அவராகவே போகிறார். என் வேலை இந்த மனிதரைத் திரும்பிப் பார்க்க விடாமல் நிறுத்துவது.

"மன்னிக்கணும் ஐயா. உங்கள் கொடியை மட்டும் எரிக்கவில்லை. எல்லா நாட்டுக் கொடியையும் எரித்தோம்."

"எல்லாமா?"

"எல்லாம் ஐயா. பாரபட்சமே இல்லை."

அவர் கொஞ்சம் தணிந்தார். "அமெரிக்கா?"

"முதலில் எரிந்ததே அமெரிக்காதான் ஐயா."

"ஜெர்மனி?"

"நன்றாகப் பற்றியது."

"போலந்து?"

"அது கொஞ்சம் புகைந்தது." நான் ஒவ்வொரு நாடாகச் சொல்லிக்கொண்டே போனேன். பிரான்ஸ், இங்கிலாந்து, ஜப்பான். கூட்டத்துக்கு வராத நாடுகளையும் இரண்டு மூன்று சேர்த்துக் கொளுத்தினேன். வராந்தாவில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"இந்தியா?" என்றார் அவர்.

இந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கலாம். பூச்சு வேலையில் ஏற்கெனவே பட்டிருந்ததால் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து நம் கொடியைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆக நீங்களும் எங்களைப் போலத்தான்."

"இதை எரித்தால் எனக்கு வேலை போகும் ஐயா. ஜெயிலும் கிடைக்கும்."

"இங்கே எரித்ததை நான் ஊரில் சொல்லாவிட்டால் எனக்கும் அப்படித்தான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூன்று நாளாக அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல்தான். அந்த ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. வீட்டில் அவருக்கும் யாராவது காத்திருப்பார்கள்.

வராந்தாவில் குழந்தைவேலு அண்ணன் பாதி காலியான அந்தப் பழைய கூடையோடு திரும்பி வந்து, "எட்டுக்குப் புது வெறகு போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். எட்டாம் எண் அந்தக் கருகிய குச்சியைக் கவுண்டரில் வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

நாலாம் நாள் காலை எல்லோரும் கிளம்புகிற நேரம். ஒளித்துக் கொடுத்தால்தான் அது திருட்டு, கவுண்டரில் வைத்துக் கொடுத்தால் அது நம் கடமை என்று முடிவு செய்திருந்தேன். ஹால் நிறைய ஆட்கள். பெரியவர் டீயோடு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறார். எட்டு வாசல் படியில், பெட்டிகளுக்குப் பக்கத்தில். நான் சத்தமாகவே கூப்பிட்டேன்.

"பன்னிரண்டாம் எண் அம்மா, உங்கள் பெயர் போட்ட பொருள் ஒன்று எங்கள் விறகுக் கூடையில் கிடைத்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்."

எட்டின் தலை திரும்பியது. அம்மாள் வந்து துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். ரிஜிஸ்டரில் 'எங்கே தவறவிட்டது' என்ற கட்டத்தில் எனக்கு வாசிக்க வராத ஒரு ஊர்ப் பெயரை எழுதினார். 'எப்போது' என்ற கட்டத்தில், போருக்கு முந்தைய கோடை என்று எழுதினார். பிறகு மூன்றாவது நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார், தான் எங்கே விட்டோம் என்று பார்க்க.

அவர் விட்ட இடத்தில் நோட்டு நிற்கவில்லை. அடுத்த பக்கத்தில் வேறொரு கையெழுத்து, நடுங்குகிற, சாய்ந்த எழுத்து. அதற்கு அடுத்த பக்கத்திலும். அம்மாள் போகாத ஒவ்வொரு கோடையும் அந்த எழுபதைத் தாண்டிய மனிதர் தனியாகச் சதுப்பில் இறங்கி, அதே பாசியை, அதே இடங்களில், அதே நாட்களில் அளந்து எழுதியிருக்கிறார். ஒரு கட்டம்கூட விடவில்லை.

அம்மாள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். பிறகு என்னைப் பார்த்து, "மேனேஜர்," என்றார், குரல் உடைந்து, "போன கோடையின் முதல் கட்டத்தில் எண் சரியாகத் தெரியவில்லை. எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்."

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்று என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கேட்டது" என்றார் அம்மாள். என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் நேராக, அவர் முகத்தைப் பார்த்து. பிறகு ஜெர்மனோ ரஷ்யனோ ஏதோ ஒரு மொழியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள், சிரித்தார்கள், மூன்றாவது அட்டவணை பற்றி ஏதோ சண்டை வேறு. எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் என் கண் வாசலில் இருந்தது. எட்டாம் எண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். நோட்டு, கையெழுத்து, பேச்சு எல்லாம். ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தால் முடிந்தது.

அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நான்கு நாளில் முதல் தடவையாக, குனிந்தார். படியில் ஒரு காலை வைத்து, ஷூ லேஸைக் கட்டுகிறவர் போல, வேன் டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் குனிந்தே இருந்தார். ஒரு லேஸ் கட்ட இவ்வளவு நேரமா என்றுதான் நான் நினைத்தேன்.

வேன் ஏரி வளைவில் மறைந்த பிறகு குழந்தைவேலு அண்ணன் காலிக் கூடைகளோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சார், கவனிச்சீங்களா?" என்றார். "அவரு போட்டிருந்தது ஜிப்பு வெச்ச பூட்ஸு. அதுல கயிறே கெடையாது."